வண்டியை விடச் சொல்றது இருக்கட்டும், முதல்ல ரயிலை விடுங்க!

எங்க ஏரியாவை நீங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க. ஆனா இறங்கியிருக்க மாட்டீங்க.

கோயமுத்தூர்லேருந்தோ பெங்களூர்லேருந்தோ சென்ட்ரலுக்கு வர்றீங்கன்னு வெச்சுக்கோங்க. பெட்டியெல்லாம் கீழ எடுத்து வெச்சாச்சு. செருப்பு மாட்டியாச்சு. வாசல் கிட்ட போய் வரிசையிலயும் நின்னாச்சு. திடீர்னு ரயில் நின்னுடும். பத்து நிமிஷம் ஆகும், இருபது நிமிஷம் ஆகும். ஜன்னல் வழியா பார்த்தா கழுவறதுக்காக நிக்கற காலிப் பெட்டிங்க, ஒரு கறுப்புக் கால்வாய், அவ்ளோதான். பக்கத்துல இருக்கற பெரியவர் "பேசின் பிரிட்ஜ் வந்துடுச்சு. இனிமே பிளாட்பாரம் கிடைச்சாதான்"னு ஒரு பெருமூச்சு விடுவார்.

அதுதாங்க எங்க ஊர். தமிழ்நாட்டுல பாதிப் பேர் வருஷத்துக்கு ஒரு தடவை காத்துக் கிடக்கற இடம். நான் தினமும் காத்துக் கிடக்கறேன்.

இன்னிக்கு இதை எழுத வெச்சது ஒரு கருத்தரங்கு. எங்க கல்லூரியில எரிபொருள் சிக்கனம் பத்திப் பேச ஒருத்தர் வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், அழகாப் பேசினார். "பெட்ரோல் விலை ஏறுதேன்னு புலம்பாதீங்க. வண்டியை வீட்டுல வைங்க. சைக்கிள் ஓட்டுங்க, நடங்க, ரயில்ல போங்க. உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது"ன்னார். கைத்தட்டு பறந்தது. நானும்தான் தட்டினேன். வெளிய வந்து பார்த்தா அவர் கார் ஏ.சி. போட்டபடி வாசல்லயே ஓடிக்கிட்டு நிக்குது, டிரைவரோட. :-)

அதை விடுங்க, அது சில்லறை விஷயம். என் கோபம் வேற. அவர் சொன்ன மூணையும் எங்க வீட்டுல ஏற்கனவே செஞ்சு பார்த்தாச்சு. சைக்கிள் ஓட்டினோம், நடந்தோம், ரயில்ல போனோம். அதுக்கு எங்களுக்கு என்ன கிடைச்சதுன்னுதான் சொல்லப் போறேன்.

*

எங்க அப்பா துறைமுகத்துல வேலை. கம்பெனி வேலை இல்லை, கான்ட்ராக்ட். வீட்டுலேருந்து போக அஞ்சு கிலோமீட்டர், வர அஞ்சு. இருபத்திரண்டு வருஷம் சைக்கிள்லதான் போனார். கருப்பு கலர், டபுள் பார், பின்னாடி கேரியர்ல சோத்துக்கூடை. காலையில ஆறு மணி ஷிப்டுக்கு அஞ்சு மணிக்குக் கிளம்புவார். பெட்ரோல் நாப்பது ரூபாய்க்கு வித்தப்பவும் சரி, எழுபதுக்கு வித்தப்பவும் சரி, அவருக்கு அது டிவியில வர்ற நியூஸ், அவ்ளோதான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி காசிமேடு பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி அவரை உரசிட்டுப் போச்சு. பெரிசா ஒண்ணும் ஆகலை. தோள்ல அடி, முழங்கால்ல தையல், சைக்கிள் பின்சக்கரம் எட்டா வளைஞ்சுடுச்சு. லாரிக்காரர் கவனிச்சிருக்கவே மாட்டார். நாப்பது அடி டிரெய்லர் ஓட்டறவருக்கு ஓரமாப் போற சைக்கிள் தெரியாது. அவரைத் திட்டவும் மனசு வரலை. அவரும் முந்தின நாள் ராத்திரியிலேருந்து கியூவுல நின்னவரா இருந்திருப்பார்.

அன்னிக்கு ராத்திரி எங்க அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "இனிமே சைக்கிள் வேணாங்க."

வட்டிக்குக் கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல ஒரு மொபெட் வாங்கினோம். மொபெட்னா மட்டும் லாரி உரசாதான்னு கேப்பீங்க. உரசும். ஆனா லாரி பக்கத்துலயே அரை மணி நேரம் மிதிச்சுக்கிட்டுப் போக வேண்டாம், அஞ்சு நிமிஷத்துல அந்த இடத்தைத் தாண்டிடலாம். எங்க வீட்டுல பெட்ரோல் செலவு ஆரம்பிச்ச கதை இதுதான். ஆடம்பரத்துக்கு வாங்கலை, சொகுசுக்கு வாங்கலை. பயத்துக்கு வாங்கினோம்.

இப்ப சொல்லுங்க, "சைக்கிள் ஓட்டுங்க"ன்னு எங்க அப்பாகிட்ட யார் வந்து சொல்லப் போறீங்க?

*

சரி, ரயில் கதைக்கு வருவோம். நான் பேசின் பிரிட்ஜ்ல ஏறி சென்ட்ரல் போய், ரோடு தாண்டி பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் ரயில் பிடிச்சு நுங்கம்பாக்கத்துல இறங்கறவன். என் ஸ்டேஷன்லேருந்து சென்ட்ரலுக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். நல்ல நாள்ல அஞ்சு, ஆறு நிமிஷம். மத்த நாள்ல சிக்னல் விழற வரைக்கும். எக்ஸ்பிரஸ் உள்ள போகணும், எக்ஸ்பிரஸ் வெளிய வரணும், அதுக்கெல்லாம் அப்புறம்தான் நாங்க. வண்டி நிக்கறப்ப பாதிப் பேர் தண்டவாளத்துல குதிச்சு நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. அது தப்பு, ஆபத்து, எல்லாம் தெரியும். எட்டரை மணிக்கு கடை திறக்கணும்னு இருக்கறவனுக்கு இது தெரிஞ்சு என்ன பண்ண?

லேட்டா போனா வகுப்புல "ரயில் லேட் சார்"னு சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க. "பைக் பஞ்சர் சார்"னா உடனே உள்ள விடுவாங்க. இதுல ஒரு நியாயம் ஒளிஞ்சிருக்கு பாருங்க. வண்டி வெச்சிருக்கறவன் நேரத்துக்கு மதிப்பு இருக்கு. ரயில்ல வர்றவன் நேரம் ஓசி.

*

கொஞ்சம் வரலாறு சொல்றேன், கொட்டாவி விடாதீங்க.

பேசின் பிரிட்ஜ்ங்கற பேர்ல இருக்கற 'பேசின்' என்ன தெரியுமா? கால்வாய்ல வர்ற படகுங்க நிக்கறதுக்கும் திரும்பறதுக்கும் வெட்டின பெரிய தண்ணீர்த் தொட்டி. அது மேல போன பாலம், அதான் பேசின் பிரிட்ஜ். இன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டறோமே பக்கிங்காம் கால்வாய், அதுல ஆந்திரா பக்கத்துலேருந்து விறகும் உப்பும் படகுல வந்துச்சு. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம. எங்க ஏரியாவோட பேரே பெட்ரோல் இல்லாத போக்குவரத்தோட பேர்!

இன்னும் கேளுங்க. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல கிளம்பினது எங்க பக்கத்து ராயபுரத்துலேருந்து. இந்தியாவோட முதல் மின்சார டிராம் 1895ல ஓடினது மெட்ராஸ்ல. துறைமுகத்தையும் ஊரையும் இணைச்சுது. அந்தக் கம்பெனி நொடிச்சுப் போய் 1953ல டிராமை மூடினாங்க. மூடினப்ப அந்த இடத்துக்கு யார் வந்தாங்க? பஸ்ஸும் லாரியும், அப்புறம் நம்ம டூவீலரும்.

இப்ப ஒரு கணக்கு. பீச்சிலேருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931ல, வெள்ளைக்காரன் காலத்துலயே. எங்க கும்மிடிப்பூண்டி பாதைக்கு மின்சாரம் வந்தது 1979ல. நாப்பத்தெட்டு வருஷ இடைவெளி. மெட்ரோ எடுத்துக்கோங்க. கோயம்பேடு-ஆலந்தூர் 2015ல ஓட ஆரம்பிச்சாச்சு. வண்ணாரப்பேட்டைக்கு வந்தது 2019. திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் போனது 2021. ஊரோட முதல் பயணிகள் ரயிலைப் பார்த்த ஜனங்க, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு ரயிலையும் கடைசியாத்தான் பார்த்தாங்க.

*

"சரிப்பா, அதுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்கறீங்களா? இருக்கு.

நீங்க அடையார்லயோ அண்ணா நகர்லயோ டேங்கை நிரப்பறீங்களே, அந்தப் பெட்ரோல் எங்க கதவு வழியாத்தான் போகுது. 1914ல எம்டன் கப்பல் குண்டு போட்டப்ப எரிஞ்சது துறைமுகத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனி தொட்டிங்க. அப்பவே எண்ணெய்க்கு இடம் வடசென்னைதான். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல உற்பத்தியை ஆரம்பிச்சுது. கச்சா எண்ணெய் கப்பல்ல வந்து, குழாய்ல மணலிக்குப் போயி, பெட்ரோலா டீசலா மாறி, டேங்கர் லாரியில ஏறி ஊர் முழுக்கப் போகுது.

எங்களுக்கு என்ன மிஞ்சுது? 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. அதை வாளியில அள்ளின படத்தை உலகமே பார்த்துது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போச்சு. வீட்டுச் சுவர்ல கறுப்புக் கோடு. மீனவர்களோட படகு, வலை எல்லாம் பிசுபிசுன்னு நாசம்.

அதாவது, எண்ணெய் எங்க வழியா வரும், கொட்டினா எங்க மேல கொட்டும், லாரி எங்க ரோட்டுல போகும். ஆனா பங்க்ல விலை மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. எங்களுக்கு லிட்டருக்குப் பத்து ரூபா கம்மி பண்ணுங்கன்னு கேக்கலை. நடக்க ஒரு நடைபாதையாவது குடுங்கன்னு கேக்கறேன்.

*

இப்ப எல்லாரும் என்னை அடிக்க வரப்போற விஷயம். பெட்ரோல் விலையைக் குறைக்கச் சொல்லி நடக்கற போராட்டத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது.

மாட்டு வண்டி ஊர்வலம், பைக்கைத் தள்ளிக்கிட்டு ஊர்வலம், சிலிண்டருக்கு மாலை போடறது, எல்லாம் பார்த்தாச்சு. எதிர்க்கட்சியா இருக்கறப்ப எல்லாரும் மாட்டு வண்டி ஏறுவாங்க. ஆளுங்கட்சி ஆனதும் "சர்வதேச சந்தை"ம்பாங்க. 2010ல பெட்ரோல் விலை நிர்ணயத்தை அரசாங்கம் கைவிட்டுது. 2014ல டீசலையும் விட்டுது. 2017 ஜூன்லேருந்து தினசரி மாத்திக்கலாம்னாங்க. அப்படின்னா சந்தை விலை இறங்கினா நமக்கும் இறங்கணுமில்ல? 2020ல கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்துக்குப் போச்சு. நமக்கு இறங்கலை. அந்த மே மாசம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏத்திச்சு. 2021 ஜூலையில சென்னையில லிட்டர் நூறைத் தாண்டிச்சு. அப்புறம் மாநில அரசு 3 ரூபா குறைச்சது, மத்திய அரசு 2021 நவம்பர்ல 5 ரூபா, 2022 மே மாசம் 8 ரூபா குறைச்சது. 2024 தேர்தலுக்கு முன்னாடி ஒரு 2 ரூபா. ஏத்தறதும் இறக்கறதும் சந்தையா, நாள்காட்டியா?

சரி, குறைச்சாங்க. யாருக்கு எவ்ளோ லாபம்? எங்க அப்பா மொபெட் மாசம் அஞ்சு லிட்டர் குடிக்கும். ரெண்டு ரூபா குறைஞ்சா மாசம் பத்து ரூபா. ஒரு டீ கூட வராது. எட்டு ரூபா குறைஞ்சப்ப நாப்பது ரூபா. மாசம் அறுபது லிட்டர் போடற கார்க்காரருக்கு அதே எட்டு ரூபாயில நானூத்து எண்பது ரூபா. எங்க அம்மாவுக்கு வண்டியே இல்லை, அவங்களுக்கு சைபர். வரிக் குறைப்புன்னா பெரிய டேங்க் வெச்சிருக்கறவருக்குப் பெரிய பரிசு. இதுக்கா நாம மாட்டு வண்டி ஏறணும்?

டீசல் விஷயம் வேறதான், ஒத்துக்கறேன். டீசல் ஏறினா கோயம்பேட்டுல கத்திரிக்கா ஏறும், காசிமேட்டுல போட்டு கடலுக்குப் போற செலவு ஏறும், மீன்பாடி வண்டிக்காரர் கேக்கற கூலியும் ஏறும். வண்டியே இல்லாத எங்க அம்மா அந்த விலை ஏத்தத்தை மார்க்கெட்ல கட்டறாங்க. அதனாலதான் சொல்றேன், இந்தச் சண்டை 'வண்டி ஓட்டறவங்க' சண்டை மட்டும் இல்லை. நடக்கறவங்களும் ஒவ்வொரு நாளும் பெட்ரோல் வரி கட்டறாங்க.

அந்த வரி எங்க போகுது? மத்திய வரியில ஒரு பெரிய துண்டுக்குப் பேர் 'சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ்'. சாலைன்னா யாருக்கு? துறைமுகத்துலேருந்து மதுரவாயலுக்கு லாரி போக உயர்மட்டச் சாலை. 2009ல அடிக்கல் நாட்டி, 2012ல நிறுத்தி, 2022ல மறுபடி அடிக்கல் நாட்டினாங்க. இப்ப ரெண்டடுக்கு, 20 கிலோமீட்டருக்கு மேல, சுமார் 5,800 கோடி ரூபா திட்டம். வேணாம்னு சொல்லலை. லாரிக்குத் தனி வழி வந்தா எங்க தெரு கொஞ்சம் மூச்சு விடும். ஆனா லாரிக்கு ரெண்டடுக்கு கட்டத் தெரிஞ்ச ஊர்ல, சைக்கிளுக்கு ரெண்டு மீட்டர் ஒதுக்கத் தெரியலையே? மாநகராட்சி 2014லயே நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் கொள்கை போட்டு, போக்குவரத்துப் பணத்துல 60 சதவீதம் அதுக்குத்தான்னு எழுதி வெச்சிருக்கு. தி.நகர் பாண்டி பஜார்ல 2019ல நடைபாதை வளாகம் திறந்தாங்க. அழகா இருக்கு, நானும் போய் செல்ஃபி எடுத்துக்கிட்டேன். அங்க ஜனங்க கடை பார்க்க நடக்கறாங்க. பழைய ஜெயில் ரோட்டுல வேலைக்குப் போக நடக்கறாங்க. யாருக்கு முதல்ல போட்டிருக்கணும்?

*

குறை மட்டுமே சொல்றவன்னு நினைக்காதீங்க. நல்லது நடந்தா அதுவும் சொல்லணும்.

2021 மே மாசத்துலேருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 'ஓசி'ன்னு கிண்டல் பண்ற பசங்க என் வகுப்புலயும் இருக்காங்க. எங்க அம்மா அதுக்கப்புறம்தான் மின்ட் பக்கம் ஒரு தையல் வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. முன்னாடி பஸ் காசு கணக்குப் பார்த்தா சம்பளத்துல ஒண்ணும் மிஞ்சாதுன்னு போகாம இருந்தவங்க. பெட்ரோல் வரிக் குறைப்பு எங்க வீட்டுக்கு நாப்பது ரூபா குடுத்துச்சு. பஸ் எங்க வீட்டுக்கு ஒரு சம்பளத்தையே குடுத்துச்சு. இதுக்கு மேல நான் என்ன வாதம் பண்ணணும்?

2025 ஜூன்ல பக்கத்து வியாசர்பாடி டிப்போலேருந்து 120 தாழ்தள மின்சார பஸ் விட்டாங்க. எங்க பாட்டி முதல் தடவையா யார் கையையும் பிடிக்காம பஸ் ஏறினாங்க. (மின்சாரம்னா புகையே இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் புகையும் சாம்பலும் எண்ணூர்-அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையத்துல இருக்கு, அதுவும் எங்க ஊர்தான்.) 2025 செப்டம்பர்ல பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூணுக்கும் ஒரே செயலியில டிக்கெட் வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா டிக்கெட் மூணையும் சேர்த்துடுச்சு, ரோடு சேர்க்கலை. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன்லேருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு மழை நாள்ல நடந்து பாருங்க, புரியும்.

*

அப்ப என்னதான்டா வேணும்ங்கறீங்களா? இதோ. ஒண்ணுக்கும் ஆயிரம் கோடி தேவையில்லை.

1. காலையில 5 மணிலேருந்து 9 மணி வரைக்கும் சென்ட்ரலுக்குள்ள மின்சார ரயிலுக்கு முன்னுரிமை. எக்ஸ்பிரஸ்ல வர்றவங்க ராத்திரி முழுக்கத் தூங்கிட்டு வர்றாங்க, இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டும்.

2. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன், வண்ணாரப்பேட்டை மெட்ரோ, ராயபுரம், துறைமுக வாசல், இந்த நாலையும் சுத்தி வர்ற சின்ன பஸ். ஷிப்டு நேரத்துக்கு. காலையில அஞ்சு மணி பஸ் அஞ்சு மணிக்கு வரணும்.

3. கன்டெய்னர் லாரி நிக்க ரோடு இல்லாம வேற இடம். ரோட்டோரம் லாரி நின்னா சைக்கிள் நடு ரோட்டுக்குத்தான் போகணும்.

4. நடைபாதை. வெளிச்சத்தோட. குழி இல்லாம. இதுக்கு விளக்கம் வேற எழுதணுமா?

5. அடுத்த தடவை எந்த அரசு பெட்ரோல் வரியை ஏத்தினாலும், அதுல எத்தனை பைசா பஸ்ஸுக்குப் போச்சுன்னு பில்லுலயே அச்சடிக்கணும்.

என் வகுப்பு மச்சான்களுக்கும் ஒரு வார்த்தை. "பஸ்ல எவன்டா போவான்"னு கேக்கறீங்க இல்ல? எங்க அப்பா போவார்டா. எங்க அம்மா போறாங்க. வடசென்னையில லட்சம் பேர் உங்க கருத்தரங்குக்கு முன்னாடியே வண்டி இல்லாம வாழ்ந்துக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு யாரும் 'மாற்று வழி' சொல்லித் தர வேண்டாம். அவங்ககிட்ட இருக்கற வழியைப் பிடுங்காம இருந்தாப் போதும்.

அந்த எட்டா வளைஞ்ச பின்சக்கரத்தை அப்பா இன்னும் தூக்கிப் போடலை. மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல சைக்கிளோட சாஞ்சு கிடக்கு. போன வாரம் பெட்ரோல் போட்டுட்டு வந்தவர் மேல போய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். "ரிம் மாத்தினா ஓடும்டா"ன்னார்.

ஓடும்ப்பா. ரோடு எங்க இருக்கு?

பி.கு: இதைப் படிச்சிட்டு "அப்ப நீ ஏன்டா போன மாசம் என் பைக்ல லிப்ட் கேட்ட?"ன்னு ஒருத்தன் கேப்பான். அன்னிக்கும் ரயில் பேசின் பிரிட்ஜ்லதான்டா நின்னுச்சு.